சபைக் கூட்டம் வரை பொறுக்காதீர்கள், சகோதரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருத்தி, வேனில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் அங்கிள் தன்னைத் தொடுகிறார் என்று சொன்னதாகவும், மூப்பர் கூட்டம் வரை பொறுக்கும்படி போதகர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொறுக்காதீர்கள். இன்றே போலீஸுக்குப் போங்கள்.

இது சபை பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. 2007-இன் பாலியல் குற்றச் சட்டம், பிரிவு 54: பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் உடனே போலீஸில் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவோ போதகர்களையும் குறிப்பிட்டே கடமைப்படுத்துகிறது. சமூக சேவகரிடம் போனால், பிள்ளைக்குக் கொடுமை நடந்ததைப் புகார் செய்யும் படிவம் 22-ஐ நிரப்பச் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு புகார் செய்தவர் மேல் வழக்குப் போட முடியாது. அந்தப் பயம் வேண்டாம். 116-க்கு அழைத்தால் சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவி அமைப்பு இலவசமாக வழிகாட்டும்.

பிள்ளையைத் திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள், பாவம். அவள் "பெல்ட் போடும்போது கை வைக்கிறார்" என்றால் அதே வார்த்தைகளை, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். பெரியவர்கள் பேச்சாக மாற்ற வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அந்த ஆளிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். குடும்பத்தை மிரட்ட அவருக்கு நேரம் கிடைத்துவிடும்.

அப்புறம், உதவிக்கு வருபவர் பாட்டியின் சாசா அட்டையை, அதாவது அரசு உதவித்தொகை எடுக்கும் அட்டையை, பிடித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2006-இன் முதியோர் சட்டத்தில் பணச் சுரண்டலும் கொடுமைதான். அதையும் சமூக சேவகரிடம் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு எந்தப் பிள்ளையும் அந்த வேனில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.