தரையில் மெதுவாக ஓடும் சின்ன விமானத்தைக் காற்று கவிழ்த்துவிடுமா? அது ஓட்டுபவரின் தப்பா?

கவிழ்க்கும். நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். "பறக்கவே இல்ல, தரையிலதான போச்சு, அதுகூடவா ஓட்டத் தெரியல" என்று விமானம் ஓட்டப் பயிற்சிக்குப் போன உங்கள் பையனை யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊர் தோவாளை. ஆனி ஆடியில் முப்பந்தல் வழியாக பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், காற்று சீராக அடித்தால் சாய்ந்து கொடுத்தே போய்விடலாம், விட்டு விட்டு அடிப்பதுதான் ஆளைத் தள்ளும். பைக்குக்கு இறக்கை வேறு கிடையாது.

வெளி மாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் மெக்கானிக்காக இருந்தேன். வண்டி செஸ்னா 152 என்ற சின்ன விமானம், ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்தே அதிகபட்சம் 757 கிலோ. அன்றைக்குக் காலையிலிருந்தே விண்ட்சாக், அதாவது காற்றைக் காட்டக் கட்டியிருக்கும் துணிக் குழாய், விறைத்து நிற்பதும் தொங்குவதுமாக இருந்தது. பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் டாக்ஸிவேயில், அதாவது ஓடுபாதைக்குப் போகும் வழியில், திரும்பினான், காற்று வலது பக்கம் பின்னாலிருந்து வந்தது. அந்த நேரத்தில் யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங் மாதிரியான கைப்பிடியை, முன்னால் தள்ளி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது இடப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அவன் பின்னால் இழுத்தே வைத்திருந்தான். வால் தூக்கியது, மூக்கு குத்தியது, ப்ரொப்பெல்லர் தார் ரோட்டில் அடித்து டக்கென்று எஞ்சின் நின்றது, அப்புறம் இடது இறக்கை நுனி தரையில் உரசியது. ப்ரொப்பெல்லரின் இரண்டு முனையும் சுருண்டு போயிருந்தன. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சினைத்தான் முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று, அதற்கான செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

பைலட்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், யோக் பிடித்தது தப்பு என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்கு. இந்த வண்டியின் கையேட்டில் பக்கவாட்டுக் காற்றுக்குப் போட்டிருக்கும் அளவே 12 நாட், மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். இதெல்லாம் தெரிந்த பெரியவர்கள்தானே அந்தப் பையனைத் தனியாக வெளியே அனுப்பினார்கள்? விசாரணையில் அவனிடம் கேட்டார்கள், என்னிடம் பிரேக், டயர் எல்லாம் கேட்டார்கள், அனுப்பியவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லா இடத்திலும் இதே கதைதான். ஒரு ஆடியில் எங்கள் அப்பாவின் ஏத்தன் வாழை மொத்தமும் சாய்ந்தது. பார்க்க வந்த அதிகாரி "முட்டு கொடுக்கலையா?" என்று கேட்டார். வாழை முட்டோடுதான் விழுந்து கிடந்தது, அவர் வண்டியை விட்டு இறங்கியே பார்க்கவில்லை. இழப்பீடு இன்றுவரை வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

உங்கள் பையனிடம் சொல்லுங்கள், விசாரணைக்கு எழுதிக் கொடுக்கும்போது அந்த நேரத்தில் விமான நிலைய டவர் சொன்ன காற்றின் திசை, வேகம், கஸ்ட் (திடீரென்று வீசும் காற்று) எவ்வளவு என்பதையும், அன்றைக்குப் போகலாம் என்று சொன்னது யார் என்பதையும் சேர்த்து எழுதட்டும். கையெழுத்து அதற்குப் பிறகு போட்டால் போதும்.