முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்: பிரஸ்ஸல்ஸுக்கு எழுத 3,800 யூரோ எதற்கு?

கேள்வி: ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பதினொரு பேர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் நடத்துகிறோம். ஃபெரைனாக, அதாவது ஜெர்மன் சட்டப்படியான சங்கமாக, பதிவும் செய்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் அகதி முகாம் பிள்ளைகளுக்கு டொய்ச்சும் (ஜெர்மன் மொழி) கணக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். மாநில முகாமில் இருக்கும்வரை அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடமே கிடைப்பதில்லை. நான்கு மாதம், ஐந்து மாதம் வீணாகப் போகிறது. இதை ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை கொண்டுபோக நினைக்கிறோம். பிரஸ்ஸல்ஸில் ஆள் இருக்கிறது என்று சொல்லும் ஆலோசகர் ஒருவர் 3,800 யூரோ கேட்கிறார்: பதிவேட்டில் சேர்க்க 900, மனு எழுத 1,400, ஒரு எம்.பி.யைச் சந்திக்க வைக்க 1,500. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விலை சொல்லியிருக்கும் மூன்றுமே இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில், அதாவது ஒன்றிய நிறுவனங்களிடம் கோரிக்கையோடு போகிறவர்களின் பட்டியலில், சேர ஒரு சென்ட்கூடக் கட்டணம் இல்லை. இணையத்தில் நீங்களே செய்யலாம். நாடாளுமன்றத்துக்கு மனுப்போடவும் காசு கிடையாது. எம்.பி. உங்கள் வாக்கில் வந்தவர். ஊரில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அந்த ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் பதிவெண் என்ன?" காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக ஒன்றிய நிறுவனங்களிடம் பேசுபவர் இடைத்தரகர் என்ற வகையில் அதே பதிவேட்டில் இருக்க வேண்டும். யாருக்காகப் பேசுகிறார், அவர்களிடமிருந்து ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் என்பதையும் அங்கே காட்ட வேண்டும். பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பெயர் இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். "சந்திப்புக்கு நான் உத்தரவாதம்" என்கிற வார்த்தையே எச்சரிக்கைதான். 2022 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் வெடித்த லஞ்ச வழக்குக்குப் பிறகு விதிகளை இறுக்கிவிட்டார்கள். யாரைச் சந்தித்தோம் என்பதை எம்.பி.க்கள் இணையத்தில் வெளியிட வேண்டும். பின்வாசல் வழியாக வந்த சங்கம் என்று ஒருமுறை பெயர் பதிந்துவிட்டால், பிள்ளைகளின் விஷயம் பின்னுக்குப் போய் உங்கள் மேல்தான் கேள்வி வரும். அதிகாரபூர்வ இணையதளம், மின்னஞ்சல் எல்லாமே 'யூரோப்பா டாட் ஈயூ' என்று முடியும். பன்னிரண்டு நட்சத்திரக் கொடியை லெட்டர்ஹெட்டில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

பதிவேட்டில் சங்கத்தைச் சேர்ப்பது ஒரு மாலை நேர வேலை. சங்கத்தின் முகவரி, பொறுப்பாளர் பெயர், எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசப் போகிறீர்கள், எத்தனை பேர் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள், ஆண்டு வரவுசெலவு ஆகியவற்றைக் கேட்பார்கள். மொத்த வரவில் பத்து சதவீதத்தையும் 10,000 யூரோவையும் தாண்டி யாராவது கொடுத்திருந்தால் அவர் பெயரையும் போட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். சின்னச் சங்கங்கள் விழுவது பெரும்பாலும் இந்தப் புதுப்பித்தலில்தான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. சங்கங்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். யாருடைய சார்பாகவும் இல்லாமல், முழுக்கத் தன் சொந்தப் பொறுப்பில் பேசும் தனிமனிதர் பதிவு செய்யத் தேவையில்லை. முகாமில் இருக்கும் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பள்ளி கிடைக்கவில்லை என்று எம்.பி.க்கு எழுதினால் அவருக்குப் பதிவேடு வேண்டாம். உங்கள் சங்கத் தலைவர் தன் பெயரில் எழுதிவிட்டு அதே கடிதத்தை இன்னும் பத்து உறுப்பினர்களும் தத்தம் பெயரில் அனுப்பினால்? அது தனிமனிதர் பேச்சு அல்ல, சங்கத்தின் முயற்சி. லெட்டர்ஹெட் இல்லை, முத்திரை இல்லை என்பதால் அது மாறிவிடாது. தாய் எழுதும் கடிதத்துக்கு நீங்கள் டொய்ச் திருத்திக் கொடுப்பது உதவி. அதே தாயை உங்கள் கோரிக்கையோடு சந்திப்புக்குக் கூட்டிப் போனால் நீங்கள் சங்கமாகத்தான் போகிறீர்கள். சந்தேகம் வந்தால் பதிவு செய்துவிடுங்கள். இலவசம்தானே.

இனி, உங்கள் பணத்தைவிட முக்கியமான விஷயம். "பிள்ளைகளின் கல்வி உரிமை மீறப்படுகிறது" என்று தலைப்பிட்டு மனுப்போட்டால் அது திரும்பி வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கல்வி விஷயத்தில் ஒன்றியத்துக்குத் துணை நிற்கும் அதிகாரம் மட்டுமே உண்டு. பாடத்திட்டமும் பள்ளி அமைப்பும் உறுப்பு நாடுகளின் கையில். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 27 நாடுகளும் ஏற்றிருக்கின்றன, ஒன்றியம் தனியாக அதில் கையெழுத்திடவில்லை. ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனத்தில் பிள்ளைகளுக்கென்றே 24ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் 51ஆம் பிரிவின்படி ஒரு நாடு ஒன்றியச் சட்டத்தைச் செயல்படுத்தும் இடத்தில் மட்டுமே சாசனம் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். பிள்ளைகள் உரிமை பற்றி எத்தனை மேடையில் பேசினாலும் மனு கையில் வந்ததும் "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். எரிச்சல் வரும்தான். அந்த நாலு வரிக்கு இடம் கொடுக்காமல் எழுதுவதுதான் உங்கள் வேலை.

அதற்கான பிடி, தஞ்சம் கோருவோரின் வரவேற்பு நிலைமைகள் பற்றிய ஒன்றியச் சட்டம், 2024/1346 என்ற எண். இது ஒன்றியத்தின் சட்டம் என்பதில் தகராறுக்கே இடமில்லை. அதன் 16ஆம் பிரிவு, தஞ்ச விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் பிள்ளையின் கல்வியைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. நாடுகள் தம் சட்டங்களை இதற்கேற்ப மாற்றக் கெடு 2026 ஜூன் 12. அதற்கு முந்தைய காலத்துக்கு 2013ஆம் ஆண்டின் பழைய சட்டம், 2013/33, 14ஆம் பிரிவு. அதில் மூன்று மாதம். உங்கள் மாநிலமான வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியாவின் பள்ளிச் சட்டமோ, தஞ்சம் கோரும் குடும்பத்தை ஒரு நகராட்சிக்கு ஒதுக்கிய பிறகே அந்தப் பிள்ளைக்குக் கட்டாயப் பள்ளி தொடங்கும் என்கிறது. மாநில முகாமில் குடும்பத்தை ஆறு மாதம்வரை வைத்திருக்க ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மன் சட்டத்தில் ஆறு மாதம், ஒன்றியச் சட்டத்தில் இரண்டு மாதம். இந்த இடைவெளிதான் உங்கள் வழக்கு. மனுவின் முதல் வரியிலேயே அது வந்துவிட வேண்டும்.

நாட்களை எண்ணுவதிலும் ஒரு குழி இருக்கிறது. கெடு, பிள்ளை ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து ஓடாது. முதலில் கையில் கொடுக்கும் வருகைச் சான்றுத்தாளின் தேதியிலிருந்தும் ஓடாது. தஞ்ச விண்ணப்பங்களைக் கையாளும் மத்திய அலுவலகமான பாம்ஃபில் முறையான தஞ்ச விண்ணப்பம் பதிந்த நாளிலிருந்துதான் ஓடும். இரண்டுக்கும் இடையே வாரக்கணக்கில் வித்தியாசம் வரலாம். தவறான தேதியில் எண்ணிய ஒரே ஒரு வரி போதும், மாநில அமைச்சகம் உங்கள் பட்டியல் முழுவதையும் நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிடும். பெற்றோரிடம் பாம்ஃப் கடிதத்தை வாங்கிப் பார்த்தே எழுதுங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லும் தேதி வேண்டாம்.

பட்டியலுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வரி போதும். மாதிரிக்கு: "பி-07, 9 வயது, விண்ணப்பம் 3 செப்டம்பர், முகாமுக்குள் வகுப்பு வாரம் 10 மணி, நகரப் பள்ளியில் சேர்ந்தது 12 பிப்ரவரி, இடைவெளி 162 நாள்." பெயர் வேண்டாம், நாடு வேண்டாம், முகாமின் பெயர்கூட அந்தப் பட்டியலில் வேண்டாம். சரியான தேதிகளோடு பன்னிரண்டு வரி இருந்தால் உருக்கமான நாற்பது பக்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

முகாமுக்குள் வகுப்பு என்பதைத் தனியாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாநிலத்தின் பதில் என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்: "முகாமிலேயே பள்ளிக்கு நிகரான வகுப்பு நடத்துகிறோம்." நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டால் மறைத்தது போலாகும். நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி, ஆசிரியர் தகுதி பெற்றவரா, ஆறு வயதுப் பிள்ளையும் பதினாலு வயதுப் பிள்ளையும் ஒரே அறையிலா, இறுதியில் மதிப்பெண் தாள் ஏதாவது கொடுக்கிறார்களா. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே தரமா இது என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த நான்கு விவரமும் பதில் சொல்லிவிடும்.

மனுவை நாடாளுமன்றத்தின் மனு இணையதளத்திலேயே பதியுங்கள். ஒன்றியத்தில் வசிப்பவர் யாரும், அங்கே பதிந்த சங்கமும் போடலாம். ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. 24 ஆட்சிமொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும், டொய்ச்சிலேயே எழுதினால் போதும். கையெழுத்து சேகரிக்கிறோம் என்று மாதக்கணக்கில் அலையாதீர்கள். மனுவுக்கு ஒரு கையெழுத்து போதும். பத்து லட்சம் கையெழுத்து, குறைந்தது ஏழு நாடு என்பதெல்லாம் ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி என்ற வேறொரு வழி. இந்த இரண்டையும் குழப்பி "கையெழுத்து இயக்கம்" என்று காசு பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். தனியார் இணையதளங்களில் சேரும் கையெழுத்துகள் அந்தத் தளத்தில்தான் கிடக்கும். ஏற்கப்பட்ட மனுவைப் பொதுவில் வெளியிடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பிள்ளைகளின் படம், வகுப்பறைப் படம், பாம்ஃப் கடிதத்தின் நகல் எதையும் இணைக்கக் கூடாது. பதில் வர மாதங்கள் ஆகும், ஓராண்டு தாண்டினாலும் வியப்பில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்றால் எவ்வளவு என்று அந்த மேசைகளில் யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அதனால் மனுவை மட்டும் நம்பியிராமல் எம்.பி.யையும் பாருங்கள். நாடாளுமன்றத்தின் 720 பேரில் ஜெர்மனிக்கு 96 பேர். கல்விக் குழுவில் இருப்பவரைத் தேடாதீர்கள். தஞ்ச விவகாரத்தைக் கையாள்வது சிவில் உரிமைக் குழு. அந்தக் குழு, மனுக் குழு, குழந்தை உரிமைக்கான கட்சி கடந்த உறுப்பினர் கூட்டணி ஆகியவற்றில் இருப்பவர்களிலிருந்து மூவரைத் தேர்ந்தெடுங்கள். பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம். தொகுதி வாரங்களில் அவர்கள் ஊரில் இருப்பார்கள். உண்மையில் உங்கள் தாளைப் படிக்கப்போவது அவருடைய உதவியாளர்தான். அவரிடம் மரியாதையாகவும் சுருக்கமாகவும் பேசுங்கள். ஒரே பக்கம், பின்னால் அந்தப் பட்டியல், கடைசியில் ஒரே கோரிக்கை: ஒன்றியச் சட்டத்தை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுத்துமூலக் கேள்வி ஒன்று போடுங்கள். கேள்வி வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். உதாரணமாக, "நகராட்சிக்கு ஒதுக்கிய பிறகே பள்ளி என்ற மாநில விதி 2024/1346இன் 16ஆம் பிரிவுக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் ஆணையம் என்ன செய்யப் போகிறது?" ஒரு உறுப்பினர் மூன்று மாதத்தில் இருபது கேள்விகள்தான் போட முடியும், ஒரு இடத்தை உங்களுக்கு ஒதுக்க அவருக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணம் உங்கள் பட்டியல். சாதாரணக் கேள்விக்கு ஆறு வாரத்தில் பதில் என்று விதி. ஏட்டில்தான் ஆறு வாரம். ஆனாலும் வந்த பதில் வழவழா கொழகொழா என்று இருந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையம் சட்டத்தை எப்படிப் படிக்கிறது என்பதற்கு அது எழுத்திலான சான்று; மாநிலச் சட்டமன்றமான லாண்ட்டாக்கின் மனுக் குழுவில் அதைக் காட்டலாம்.

ஆணையத்திடம் நேரடியாகவும் புகார் கொடுக்கலாம். அதுவும் இலவசம், படிவம் இணையத்தில் இருக்கிறது. பதினைந்து வேலைநாளுக்குள் பெற்றதாகத் தெரிவிப்பார்கள், ஓராண்டுக்குள் முடிவெடுக்கப் பார்ப்பார்கள். நாட்டின் மேல் நடவடிக்கை எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். எடுத்தாலும் அதனால் ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடாது. அந்தப் பிள்ளைக்கு வழக்கறிஞரும் நிர்வாக நீதிமன்றமும்தான் வழி. மாநில அகதிகள் மன்றத்தில், அதாவது ஃப்ளுஷ்ட்லிங்ஸ்ராட்டில், கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆலோசகர் "ஐரோப்பிய கவுன்சிலில் சமூக சாசன வழக்கு" என்று ஏதாவது சொன்னாரா? அதற்கும் மயங்காதீர்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய கவுன்சில் 46 நாடுகள் சேர்ந்த வேறு அமைப்பு. ஒன்றியத்தின் அங்கமே அல்ல. அங்கே, அந்த அமைப்பின் சமூக சாசனத்தின் கீழ், அமைப்புகள் ஒரு நாட்டின் மேல் போடும் கூட்டுப் புகார் என்ற நல்ல வழி இருக்கிறது: டிஃபென்ஸ் ஃபார் சில்ட்ரன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2011இல் பெல்ஜியத்தின் மேல் போட்ட புகாரில், அகதிப் பிள்ளைகளுக்கு இருக்க இடம் தரவில்லை என்று 2012இல் பெல்ஜியத்துக்கு எதிராக முடிவு வந்தது. ஆனால் அந்தப் புகார் முறையை ஜெர்மனி ஏற்கவில்லை. அதை உங்களுக்கு விற்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

கூட்டாளி வேண்டுமென்றால் யூரோசைல்ட் போன்ற குழந்தை உரிமை வலையமைப்பின் ஜெர்மன் உறுப்பு அமைப்புகளிடம் பட்டியலைக் கொடுங்கள். அவர்கள் ஆணையத்தோடு ஏற்கனவே பேசிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குக் குறைவது உங்களிடம் இருக்கும் களத் தேதிகள்தான். வறுமை ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கல்வி போன்ற அடிப்படைச் சேவைகள் கிடைக்க வேண்டும் என்ற ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரையான குழந்தைகள் உத்தரவாதத்துக்கு ஜெர்மனியிலும் ஒரு தேசிய ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். அவருக்கும் ஒரு நகல் போகட்டும். ஒன்றிய மானியத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், பதினொரு பேர் சங்கம் அந்தக் கணக்கு வழக்கிலேயே மூழ்கிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இந்தச் சனிக்கிழமையே செய்ய வேண்டியது. குடும்பங்களை நகராட்சிக்கு மாற்றும் உத்தரவு திடீரென்று வரும். போனபின் தேடிப் பிடிப்பது கடினம். போவதற்கு முன்பே பெற்றோருக்கு விளங்கும் மொழியில் ஒரு பக்க ஒப்புதல் தாள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தத் தகவலை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதும், வேண்டாமென்றால் எப்போதும் விலகலாம் என்பதும் அதில் இருக்கட்டும். கைபேசி எண்ணையும் பி-எண்ணையும் வேறொரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். பிள்ளை புதிய ஊரில் பள்ளியில் சேர்ந்த நாளைக் கேட்டு எழுதினால்தான் அந்த வரி முழுமையாகும்.