தாத்தா கட்டிய திண்ணை வீட்டின் முகப்பைப் புதுசாக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டலாமா, பெயிண்ட் போதுமா?

எழுபது வருடத்துக்கு முன்னால் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணையை இடித்துவிட்டு, முகப்பு முழுக்க எலிவேஷன் டைல்ஸ் ஒட்டி, மீதிக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன் அடித்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைல்ஸ் கடைக்குப் போகும் முன் ஓர் ஆணியை எடுத்து வெளிச்சுவரைக் கீறிப் பாருங்கள். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் அது சுண்ணாம்புப் பூச்சு. ஆணி வழுக்கிக்கொண்டு போய், சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் வந்தால் சிமெண்ட். இது தெரியாமல் செலவு செய்தால் முழுப் பணமும் வீணாகும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். தங்கை கல்யாணத்துக்காக அவசர அவசரமாக முகப்பைச் சரிசெய்தோம். கான்ட்ராக்டர் பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார், பட்டி பார்த்தார், இரண்டு கோட் பெயிண்ட் அடித்தார். கல்யாண ஆல்பத்தில் வீடு பளிச்சென்று இருக்கும். அடுத்த ஐப்பசி மழையில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. விரலால் அழுத்தினால் படக்கென்று உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை உப்பு கொட்டும். அம்மா தினமும் காலையில் கோலம் போடும் முன் அதைக் கூட்டி அள்ளுவார். மூன்றாவது வருடம் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை நகத்தால் சுரண்டினால் செம்மண்ணாக உதிர்ந்தது. தாத்தா காலத்திலிருந்து அசையாமல் நின்ற கல் அது. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேலே ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் வழியை அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு கல்லுக்குள்ளேயே படிந்து, பருத்து, கல்லை உடைக்கும். டைல்ஸ் ஒட்டினாலும் நடப்பது இதுதான். ஆனால் வெளியே தெரியாது என்பதால் இன்னும் மோசம்.

ஆகவே முதல் செலவு தண்ணீருக்கு. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா, வாசலில் தேங்குகிறதா என்று ஒரு மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். எங்கள் திண்ணைக்கு நான்கு படிகள் இருந்தன. தெருவில் தார் மேல் தார் போட்டுப் போட்டு இப்போது ஒன்றரைப் படிதான் மிச்சம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அடுத்த முறை சாலை வேலை தொடங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் சுவரை ஒட்டியிருந்த சிமெண்ட் தளத்தை இரண்டடி அகலத்துக்கு உடைத்து எடுத்து, ஜல்லி கொட்டி, தண்ணீர் வாய்க்காலுக்கு ஓட வாட்டம் வைத்தோம். அதற்கே ஓதம் பாதி குறைந்தது.

பிறகுதான் பூச்சு. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்தவர். சிமெண்ட் முழுவதையும் உரிக்கச் சொன்னார். "இந்தக் கோடை முழுக்கச் சுவர் வெறுமனே காயட்டும் தம்பி. இப்பவே பூசினா உங்க காசுதான் போகும்" என்றார். சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள், நாங்கள் காத்திருந்தோம். தை பிறந்ததும் வேலை தொடங்கியது. மழையும் இல்லாமல், பூச்சை வெடிக்க வைக்கும் கத்தரி வெயிலும் இல்லாமல் இருக்கும் தையும் மாசியும்தான் இதற்குச் சரியான மாதங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் ஒரு மாதம் ஊறப்போட்டிருந்தார். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். கலக்குவதற்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். அந்த வாடை வீடு முழுக்க இருந்தது. பூசிய பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பல நாள் நனைத்தோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது.

நிறத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து, துணியில் வடிகட்டி அடித்தோம். அடிக்கும்போது தண்ணீர்ப் பால் மாதிரி இருக்கும், சுவரில் ஒன்றுமே தெரியாது. காயக் காய நிறம் எழும்பி வரும். மெல்லிசாக நான்கு முறை அடித்தோம். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கத்தான் வேண்டும். ஆனால் பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை, பட்டி பார்க்க வேண்டியதில்லை. மண்ணிலிருந்து வரும் காவி நிறங்கள்தான் சுண்ணாம்பில் நிற்கும், பல ரசாயனச் சாயங்கள் அதில் வெளுத்துவிடும். பெயிண்ட் கடை அட்டையில் உள்ள எல்லா நிறமும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திண்ணையை இடிக்காதீர்கள். இதை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இடித்தால் கிடைப்பது ஒரு பைக் நிறுத்தும் இடம். போவது வீட்டின் முகம். நம்பிக்கை வரவில்லை என்றால் ஒருநாள் புதுச்சேரிக்குப் போய் வைசியாள் வீதியில் நடந்து பாருங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அங்கே திண்ணையும் தெருத்தாழ்வாரமும் மரத்தூண்களுமாகப் பழைய முகப்புகளை வரிசையாக மீட்டெடுத்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான், திண்ணைக்கு முன்னால் அடைத்து வைத்திருந்த இரும்பு கிரில்லை அப்பா வெட்டி எடுக்கச் சொன்னார்.

ஓட்டையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பிரித்து, கழுவி, உடைந்ததை மட்டும் கழித்துவிட்டு, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களில் (ரீப்பர்) உளுத்ததை மாற்றி, திரும்ப அடுக்கினால் போதும். எங்கள் சீமை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன், 1865 என்று அச்சு இருக்கிறது. பாசல் மிஷன் என்பது சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷன். 1865 மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம், ஓடு சுட்ட வருடம் அல்ல. அப்படியானாலும் அந்த ஓடுகளைக் கழுவி வெயிலில் அடுக்கி வைத்தபோது, தாத்தா மாட்டு வண்டியில் இவற்றைக் கொண்டுவந்து இறக்கிய கதையை அத்தை முதல் முறையாகச் சொன்னார்.

கையில் பணம் குறைவு என்றால் முகப்பில் தொங்கும் ஒயர்களை ஒதுக்குங்கள். பழைய கேபிள், டிஷ், ஏசியின் வெளிப்பெட்டி, தகரச் சாய்ப்பு எல்லாவற்றையும் பக்கவாட்டுக்கோ கொல்லைக்கோ கொண்டுபோங்கள். கதவில் ஏறியிருக்கும் எனாமல் பெயிண்டைச் சுரண்டி எண்ணெய் பூசுங்கள். எங்கள் கதவில் நான்கு நிறங்களுக்கு அடியில் பர்மா தேக்கு இருந்தது.

ஆணியில் சாம்பல் தூள் வந்து, உள்ளேயும் சிமெண்ட் கட்டுமானம் என்றால் எமல்ஷன் அடிக்கலாம், தவறில்லை. அதற்கு முன் சன்ஷேடுக்கு அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மேலே சிமெண்ட், உள்ளே சுண்ணாம்பு என்றும் இருக்கலாம். கீறலை அரை அங்குலம் ஆழமாகவே போடுங்கள், இரண்டு மூன்று இடத்தில். என்ன நிறத்தில் தூள் வந்தது, ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று கீழே எழுதுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி மேற்கொண்டு சொல்கிறேன்.