தோழியின் கடிதங்கள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நண்பர்களிடம் பணம் திரட்டி ஒரு சுயாதீனப் படம் இயக்கியிருக்கிறேன். பள்ளித் தோழியை மறக்க முடியாமல், முப்பது வயதைக் கடந்தும் அவளையே சுற்றிவரும் ஒருவனின் கதை. அந்த ஒருவன் பெரும்பாலும் நான்தான். தோழியின் பெயரை மாற்றிவிட்டேன். பதின்மூன்று வயதில் அவள் எனக்கு எழுதிய கடிதங்கள் படத்தில் இருக்கின்றன. கணவனை விட்டு அவள் அவனிடம் வந்துசேரும் இறுதிக் காட்சி என் கற்பனை. படத்தை வெளியிடக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். தணிக்கைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ‘யாவும் கற்பனை’ என்ற அறிவிப்பும் போட்டிருக்கிறேன். நேரில் ஒருமுறை பேசினால் புரிந்துகொள்வாள் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: நேரில் போகாதீர்கள். தொலைபேசியில் அழைக்கவோ பொது நண்பர்கள் வழியாகச் சொல்லியனுப்பவோ வேண்டாம். ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் அவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். நோட்டீஸைவிடத் தெளிவாக ஒருவர் தம் விருப்பமின்மையைச் சொல்ல முடியாது. ‘ஒருமுறை பேசினால் புரிந்துகொள்வாள்’ என்பது உங்கள் கதாநாயகன் பேச வேண்டிய வசனம் என்பதையும், வழக்கறிஞர் என்ற எல்லையைச் சற்றே மீறி, சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது கடிதங்கள். நீங்கள் அனுப்பிய டிரெய்லரில் கோடு போட்ட தாள் ஒன்று திரையை நிறைக்கிறது. நீல மசியில் சாய்ந்த கையெழுத்து, அடியில் அவரை வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர். வசனத்தில் பெயரை மாற்றிய நீங்கள் இந்தத் தாளில் அதை அப்படியே விட்டுவிட்டீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த எழுத்து உங்களுடையது அல்ல. கடிதம் பெற்றவருக்குத் தாள்தான் சொந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வாசகங்களின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது, எழுதியபோது அவர் சிறுமியாக இருந்தாலும். அவருடைய எழுத்துபூர்வ அனுமதியின்றி அவற்றைக் காட்டவோ பின்னணிக் குரலில் வாசிக்கவோ கூடாது. நோட்டீஸில் உள்ள கோரிக்கைகளில் நீதிமன்றம் மிக எளிதாக ஏற்கக்கூடியது இதுதான். நட்பு நடந்தது என்ற செய்திக்கோ அந்தக் கருவுக்கோ பதிப்புரிமை கிடையாது என்பதால், கடிதக் காட்சிகளை நீங்களே புதிதாக எழுதிக்கொள்ளலாம். அவர் சொற்களைச் சற்றே புரட்டிப் போடுவது புதிதாக எழுதுவதாகாது.

பெயர் மாற்றமும் ‘யாவும் கற்பனை’யும் காப்பாற்றுமா? ரஷ்ய அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்றில் வேறு பெயரில் வந்த இளவரசியைத் தாம் என்றே பார்வையாளர்கள் புரிந்துகொள்வார்கள் என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் இங்கிலாந்தில் தொடுத்த அவதூறு வழக்கில், 1934-இல் அவருக்கு 25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. திரைப்படங்களில் இன்று நாம் பார்க்கும் அந்த அறிவிப்பு பரவியதே அதற்குப் பிறகுதான். உங்கள் தோழியை அறிந்தவர்கள் படம் பார்த்து ‘இது அவள்தான்’ என்று சொல்வார்களா என்பதே கேள்வி. படத்து நாயகிக்கும் அவருக்கு இருப்பதைப் போலவே தாடையில் தழும்பு, அதே செல்லப்பெயர், போதாததற்கு ‘இது என் கதை’ என்ற உங்கள் பேட்டி, சொல்வார்கள்.

அடையாளம் தெரிந்துவிட்டால் அவருக்கு இரண்டு உரிமைகள் எழுகின்றன: அந்தரங்க உரிமை, நற்பெயருக்கான உரிமை. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில், 1994-இல், ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்க விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிட்டால், அது உண்மையாக இருந்தாலும் புகழ்ச்சியாக இருந்தாலும், இழப்பீட்டுக்குப் பொறுப்பாக நேரிடும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. பள்ளிக்கால நட்பு அதில் வராது. உங்கள் வாழ்க்கையைச் சொல்ல உங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று வாதிடலாம், அது வலுவில்லாத வாதமும் அல்ல. ஆனால் உங்கள் ஏக்கத்தைச் சொல்வதும் அவருடைய திருமணத்துக்குள் நுழைவதும் வேறு. இறுதிக் காட்சி அந்த வாதத்தையும் கெடுத்துவிடுகிறது. நடக்காத ஒன்றை, திருமணமான, அடையாளம் காணக்கூடிய பெண்மேல் ஏற்றிக் காட்டுவது அவதூறு; அதே நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை வெறுங்காவல் விதிக்கலாம், உரிமையியல் இழப்பீடு தனி. நடந்ததைத்தான் சொன்னேன் என்ற எதிர்வாதத்துக்கும் நீங்களே இடம் வைக்கவில்லை.

தணிக்கைச் சான்றிதழ் பொதுத் திரையிடலுக்கான அனுமதி மட்டுமே. தனிநபர் உரிமைகளை அது தீர்ப்பதில்லை.

உங்களுக்குத் தெரியாமல் இடைக்காலத் தடை வாங்கப்படாமலிருக்க, அவர் வழக்குத் தொடரக்கூடிய நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்கீழ் கேவியட் மனு போட்டு வையுங்கள். அது 90 நாள்களுக்குச் செல்லும். நோட்டீஸுக்குப் பதிலை வழக்கறிஞர் மூலமே அனுப்புங்கள். கடிதங்களையும் தழும்பையும் செல்லப்பெயரையும் நீக்கி, முடிவை மாற்றிய வடிவத்தை அவர் தரப்பு வழக்கறிஞர் பார்க்க ஏற்பாடு செய்வதாக அதில் குறிப்பிடலாம். மறுபடி எடிட் செய்த வடிவத்தைத் தணிக்கை வாரியத்திடம் முறைப்படி காட்டிய பிறகே திரையிட வேண்டும். பழைய வடிவத்தை அழித்துவிடாதீர்கள். வழக்கு வந்தால் எதை நீக்கினீர்கள் என்பதைக் காட்ட உங்களுக்கே அது தேவைப்படும்.