சிங்கப்பூரில் வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் மனக்கசப்பில்லாமல் இருக்க என்ன செய்யலாம்?

சண்டை பெரும்பாலும் காலி செய்யும் நாளில், முன்பணத்தை வைத்துத்தான் வரும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பது இங்கே வழக்கம். அந்தப் பணம் முழுசாகத் திரும்ப வேண்டுமானால், சாவி வாங்கும் அன்றே ஆணி ஓட்டை, மெத்தைக் கறை, தரைக்கீறல் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் அதிலேயே பதிவாகிவிடும்.

அடுத்த தலைவலி ஏர்கான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வடிகுழாயில் அழுக்கு அடைத்தால் தண்ணீர் சொட்டும். ரசீது இல்லையென்றால் பழி உங்கள்மேல்தான். சில்லறைப் பழுதுக்கு வாடகைதாரர் தரவேண்டிய உச்சத்தொகையை (பொதுவாக 150 முதல் 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர்) ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆகுமென்றால், ஆளைக் கூப்பிடும் முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

சமையல் பேச்சைக் கையெழுத்துக்கு முன்பே முடிப்பது நல்லது. ‘லேசான சமையல்’ என்று அவர் சொல்வதும் நாம் மீன் குழம்பு வைப்பதும் ஒன்றல்ல!

ஒப்பந்தத்துக்காக அரசுக்குக் கட்டும் வரியான முத்திரைத் தீர்வையை மறக்காதீர்கள். நான்காண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: மாதம் 3,000 வெள்ளி, ஈராண்டு என்றால் 288 வெள்ளி. இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தம் வழக்கில் சான்றாக எடுபடாது. ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும்.