ஒரு குயர் நோட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: வரும் ஆவணியில் எனக்கு 60 முடிகிறது. குத்தாலம் பக்கத்தில் கிராமம். கணவருக்கு ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நஞ்சை. 1982இல் பத்தாவது முடித்தேன், டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினேன். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த நேரத்தில், 1985இல் கல்யாணம் முடித்துவிட்டார்கள். ஐந்து வருஷம் முன்பு கணவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. எனக்கென்று அப்படி ஒன்றும் கிடையாது என்பதால், மகள் ஒரு குயர் நோட்டு வாங்கிக் கொடுத்து, "அம்மா, நீ சாதித்ததையெல்லாம் இதில் எழுது, பிறந்த நாளன்று எல்லார் முன்னாலும் படிக்கலாம்" என்றாள். பத்து நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன். மகன் சென்னையில் இன்ஜினீயர், மகள் கோயம்புத்தூரில் டீச்சர், மாடி எடுத்துக் கட்டினோம், கடன் இல்லை. நாலு வரியில் முடிந்துபோயிற்று. அதிலும் என் பேரில் ஒன்றும் இல்லை. மகளிர் குழுவுக்குப் பதினாலு வருஷம் கணக்கு எழுதினேன், 2003இல் நகையை அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டினேன். அதெல்லாம் எல்லாரும் செய்வதுதானே? 1996இல் பிறந்த வீட்டுப் பூர்விக நிலத்தைப் பாகம் பிரித்துப் பதிவு செய்தபோதும், 1991இல் கல்யாணமான தங்கைக்குப் பங்கு வந்தது, எனக்கு இல்லை. அன்றிலிருந்து அவளோடு பேச்சு இல்லை. கஜா புயலில் பேராவூரணியில் அவள் தென்னையெல்லாம் சாய்ந்தபோதுகூட நான் போகவில்லை. என் வாழ்க்கை வீணாகிவிட்டதா? நோட்டை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. தங்கை என்று கூப்பிட அந்த வயசு போதும் என்று நினைக்கிறேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். எழுதிய அந்த நாலு வரியை மட்டும் கிழித்துப் போடுங்கள். மகன் இன்ஜினீயரானது அவன் சாதனை, மகள் டீச்சரானது அவள் சாதனை. அவர்கள் நோட்டு வாங்கி எழுதும்போது அவர்களே எழுதிக்கொள்ளட்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு இது ஒரு பழக்கம். "நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளைகளின் உத்தியோகத்தைச் சொல்வோம். மகன் முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைத்த கதை உங்களிடம் இருக்குமே, அதைக் கேட்டால் "அது கிடக்கிறது" என்போம். கிடக்கிற அதைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள்.

முதலில் திருக்கடையூர் விஷயம். உங்கள் கடிதத்தில் மனக்குறை போல ஒரு வரி வந்து போகிறது. அங்கே வழக்கத்தில் பார்க்கிற வயசு கணவருடையதுதான், மறுக்கவில்லை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை தாலி வாங்கிக்கொள்வாள். ஆனால் அறுபதுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? தமிழ் வருஷப் பெயர்கள் மொத்தம் 60. வியாழன் ஒரு சுற்று வர சுமார் 12 வருஷம், சனி ஒரு சுற்று வர சுமார் 30 வருஷம். பிறந்தபோது இருந்த இடத்துக்கு இரண்டும் சேர்ந்து திரும்பி வருவது அறுபதில். நீங்கள் பிறந்தது பராபவ வருஷம், இப்போது நடப்பதும் அதே பராபவ. வியாழனுக்கும் சனிக்கும் ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. அதனால் இந்த ஆவணி முழுக்க முழுக்க உங்களுடையது.

இனி நோட்டு. "சாதித்தது" என்று தலைப்புப் போட்டால் யாருக்குமே கை ஓடாது. என் பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. கொள்ளிடக்கரை ஊர் எங்களுக்கு. "பெரிய வெள்ளத்துக்கு முந்தின வருஷம் பிறந்தேன்" என்பாள். 1924 வெள்ளத்தைத்தான் சொல்வாள். மேட்டூர் அணை திறந்த பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் 1934க்கு அப்புறம். இப்படியே ஒவ்வொன்றையும் தண்ணீரை வைத்துத்தான் சொல்வாள். எந்தப் பிள்ளை எந்தப் பட்டத்தில் பிறந்தது, எந்த வருஷம் சம்பா அழுகியது என்றெல்லாம் வாயில் இருக்கும். அவளிடம் "என்ன சாதித்தாய்" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பாள். "தண்ணீர் வராத வருஷம் என்ன செய்தாய்" என்று கேட்டால் பொழுது விடிகிற வரைக்கும் சொல்லுவாள்.

நீங்களும் அப்படி எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 1977 என்று போடுங்கள். நவம்பர் 12 புயல். உங்களுக்குப் பதினோரு வயசு. அன்று ராத்திரி எந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தீர்கள், யார் மடியில் யார் இருந்தார்கள்? அடுத்த பக்கம் 2002, 2003. இரண்டு வருஷமும் வழக்கமான ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை நெல் போனது. நகையை அடகு வைத்தேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எந்த நகை? கழுத்திலிருந்ததா, பெட்டியிலிருந்ததா? வைப்பது என்று முடிவெடுத்தது யார், கணவரா நீங்களா? வட்டி கட்டப் பணம் எங்கிருந்து புரண்டது? எப்போது மீட்டீர்கள், மீட்டதும் முதலில் எதை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள்? பிறகு 2012இலிருந்து 2019 வரை, எட்டு வருஷம் தொடர்ந்து ஜூன் 12இல் அணை திறக்கவில்லை. ஒன்பது மா வைத்திருந்த எத்தனையோ குடும்பம் அந்த எட்டு வருஷத்தில் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறியது. உங்கள் வீட்டில் நிலமும் இருக்கிறது, கடனும் இல்லை என்கிறீர்கள். அது தானாக நடந்திருக்காது. எப்படி நடந்தது என்று எழுதினால் அந்த இடத்திலேயே பத்துப் பக்கம் ஓடும்.

அடுத்து, மகளிர் குழு. உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது இங்கேதான். பதினாலு வருஷம் கணக்கு எழுதியதை "எல்லாரும் செய்வதுதானே" என்கிறீர்கள். எல்லாரும் செய்வதில்லை, தங்கச்சி. நான் பார்த்த குழுக்களில் பாதி, கணக்கு எழுத ஆள் இல்லாமலோ, எழுதியவர் மேல் நம்பிக்கை போயோதான் உடைந்தன. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், ஒவ்வொருத்திக்கும் தனிப் பாஸ் புத்தகம். வாராவாரம் சேமிப்பு வரவு, கடன் தவணை, வட்டி. பாங்கில் மேனேஜர் கேட்கிற கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் முன்னால் அவள் முகம் சுண்டாமல் வாங்க வேண்டும். இத்தனையும் சம்பளம் இல்லாமல், சோறு வடித்துவிட்டு வந்து செய்தது. அந்தப் பதினாலு வருஷத்தில் உங்கள் புத்தகத்தில் விரல் ரேகை வைக்க வந்து, பிறகு கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். பழைய புத்தகங்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். ஆவணிக்குள் அவற்றைத் தேடி எடுத்துவிடுங்கள். உங்கள் பேரில் ஒன்றும் இல்லை என்று சொன்னீர்கள். அதில் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்து இருக்கும்.

லோயர் பாஸ் பண்ணிய டைப்ரைட்டிங், எழுதாமல் போன பரீட்சை. இதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. உங்களிடமிருந்து பறித்த விஷயம் அது. "நடந்ததெல்லாம் நன்மைக்கே" என்று நான் எழுதினால் நீங்கள் பத்திரிகையைத் தூக்கி எறிய வேண்டும். நோட்டில் ஒரு பக்கம் அந்தக் கோபத்துக்கும் ஒதுக்குங்கள். பிறந்த நாளன்று அதையும் சேர்த்துப் படிக்கட்டும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தால் இருக்கட்டுமே.

இனி, கடிதத்தின் கடைசியில் ஒதுங்கி நிற்கிற விஷயம். எனக்கென்னவோ நீங்கள் கடிதம் எழுதியதே இதற்காகத்தான் என்று படுகிறது.

உங்களுக்குப் பங்கு இல்லாமல் போனதற்கும் தங்கைக்குக் கிடைத்ததற்கும் காரணம் ஒரு தேதி. தமிழ்நாட்டில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. பூர்விகச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்றார்கள். ஆனால் அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று ஒரு கோடு கிழித்தார்கள். நீங்கள் 1985, கோட்டுக்கு அந்தப் பக்கம். அவள் 1991, இந்தப் பக்கம். பிறகு 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் கல்யாணத் தேதியைப் பார்க்கவில்லை. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையைக் கிளறக் கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். உங்களுடையது 1996இல் பதிவானது. பத்திரத்தின் நகலை ஒரு வக்கீலிடம் காட்டுவதில் தப்பில்லை. எல்லா நிலமும் பூர்விகம்தானா, அப்பா சொந்தமாக வாங்கியது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சட்டம் கொடுக்காவிட்டாலும் அப்பா தன் பங்கிலிருந்து உங்களுக்கு ஒரு மா எழுதியிருக்கலாம். அண்ணன் தம்பி இருந்தால் அவர்களும் வாய் திறந்திருக்கலாம். தங்கையும் "அக்காவுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அது அவள் தப்பு. ஆனால் அத்தனை பேர் தப்பையும் சேர்த்து முப்பது வருஷமாக அவள் ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறீர்கள். ஆண்களோடு பேச்சு இருக்கிறதா இல்லையா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

2018 நவம்பர் 16இல் கஜா கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் அந்த வாரம் நான் போயிருந்தேன். மரங்கள் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தன. தோப்புக்காரர்கள் அழக்கூட இல்லை, வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பா போனால் அடுத்த வருஷம் நடலாம். தென்னை போனால் ஒரு தலைமுறையின் பாதி போயிற்று. நீங்கள் போகாததை நியாயப்படுத்தி எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை. "போகவில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

முடவன் முழுக்கு உங்கள் ஊர்க் கதை. ஐப்பசி முழுக்க மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் காவிரி ஸ்நானம். மாசக் கடைசி நாளான கடைமுகத்தோடு முடிந்தது. தவழ்ந்து தவழ்ந்து வந்த முடவன் கார்த்திகை முதல் நாள்தான் வந்து சேர்ந்தான். பரவாயில்லை, முழுகு, உனக்கும் அதே புண்ணியம் என்று சுவாமி சொன்னாராம். அவனுக்கு ஒரு நாள்தான் தாமதம். உங்களுக்கு எட்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கும் சலுகை உண்டா என்று சுவாமியைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, பேராவூரணியில்தான் கேட்க வேண்டும்.

நோட்டுக்கும் அவள் வேண்டும். கணவரும் பிள்ளைகளும் 1985க்கு அப்புறம் வந்தவர்கள். 1977 புயல் ராத்திரியில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போக நீங்கள் எந்தத் தாவணியைத் துவைத்துக் காயப்போட்டீர்கள் என்பதும் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

ஆடிப் பெருக்கு முடிந்ததும் ஒரு நாள் கிளம்புங்கள். கணவரை அழைத்துப் போக வேண்டாம், இது உங்கள் இருவர் விஷயம். போன் செய்து சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் சொல்ல மாட்டேன், சொன்னால் இரண்டு பக்கமும் யோசிக்க நேரம் கிடைத்துவிடும். மூன்று பஸ் மாற வேண்டியிருக்கும், விடியற்காலையில் புறப்பட்டுவிடுங்கள். உங்கள் வயல் அரிசி பத்துக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு பையிலேயே இருக்கட்டும். பங்கு, பத்திரம், அப்பா என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். புயலுக்கு மறு வருஷம் நெட்டைக் கன்று வைத்திருந்தால் இந்நேரம் பாளை விட ஆரம்பித்திருக்கும். தோப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அன்றைக்கு எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை நின்றது என்று கேளுங்கள். எண்ணிக்கை அவளுக்கு மனப்பாடமாக இருக்கும்.