படைவீரர் கேள்வி பதில்: டிஸ்சார்ஜ் புக்கில் ஏறாத பதக்கங்கள்

பென்ஷன், ஸ்பர்ஷ் (ஆன்லைன் பென்ஷன் முறை), கேன்டீன் கார்டு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். பதக்கம் பற்றி மட்டும் இந்தத் தடவை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் (படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) கிளார்க்காக இருந்தவன் என்கிற முறையில், தெரிந்ததை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்க அப்பா 1966-ல் மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு) சேர்ந்து 1981-ல் ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவர். 71 பாகிஸ்தான் சண்டையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் இருந்ததாகச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கேட்டிருக்கிறோம். சமீபத்தில் டிஸ்சார்ஜ் புக்கை (பணி முடிந்து வரும்போது ராணுவம் தரும் விவரப் புத்தகம்) ஸ்கேன் எடுக்கும்போதுதான் கவனித்தேன், பதக்கம் எழுதும் இடத்தில் சைன்ய சேவா மெடலும் ஒன்பது வருட சர்வீஸ் மெடலும் மட்டும் இருக்கின்றன. 71-க்கு ஒன்றுமே இல்லை. அப்பாவிடம் கேட்டால் "விடுல, அதெல்லாம் இப்ப யாரு கேக்கா" என்கிறார். இனிமேல் சேர்க்க முடியுமா? (நாங்குநேரி வாசகர்)

பதில்: முடியும் தம்பி. அப்பா விடச் சொன்னாலும் நீங்கள் விடாதீர்கள். 1971 டிசம்பரில் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றை ஒட்டி எதிரி புதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகள் போக வழி எடுத்துக் கொடுத்தது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். அது நம் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்கள். அந்த வேலையில் முன்னால் நின்று உயிரைக் கொடுத்த மேஜர் விஜய் ரத்தன் சவுத்ரிக்கு மகாவீர் சக்ரா. அவர்கள் திறந்து கொடுத்த வழியில் போன பூனா ஹார்ஸ் டாங்கிப் படையில்தான் பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் இருந்தார். உங்க அப்பா அதே ரெஜிமென்டிலா, பக்கத்தில் இருந்த வேறு யூனிட்டிலா என்பது கடிதத்தில் இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லாம் அதில்தான் நிற்கிறது.

பதிவு எப்படி ஏறுகிறது என்பது தெரிந்தால் எங்கே விட்டுப்போயிருக்கும் என்பதும் புரிந்துவிடும். ஒருவருக்குப் பதக்கம் உண்டு என்று முடிவானதும் யூனிட் அதை 'பார்ட் டூ ஆர்டர்' என்று வெளியிடும், அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் அவருடைய ஷீட் ரோலில் (அங்கே இருக்கும் அவருடைய சர்வீஸ் பதிவு) ஏறும், அவர் வீட்டுக்கு வரும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புக்கை எழுதுவார்கள். ஆக உங்கள் கையில் இருக்கும் புக் ஒரு நகல் மாதிரிதான், திருத்த வேண்டியது ஷீட் ரோலை. (தயவுசெய்து டிஸ்சார்ஜ் புக்கில் பேனாவால் எதையும் நீங்களாக எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதியதாலேயே சந்தேகத்துக்கு ஆளாகி நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.)

71 சண்டைக்கான பதக்கங்கள் சண்டை நடக்கும்போதே அறிவித்தவை இல்லை, முடிந்த பிறகு அறிவித்து யூனிட் வாரியாகப் பட்டியல் போட்டு வாங்கினார்கள். அந்தப் பட்டியல் போடும் நேரத்தில் வேறு யூனிட்டுக்கு மாற்றலாகிப் போனவர், ஆஸ்பத்திரியில் கிடந்தவர், சண்டையின்போது வேறொரு யூனிட்டோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டிருந்தவர், இவர்கள் பெயர்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். பழைய யூனிட் புது யூனிட் எழுதும் என்று இருந்துவிடும், புது யூனிட் பழைய யூனிட் எழுதியிருக்கும் என்று இருந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். சேவைப் பதக்கங்களில் இரண்டு வகை உண்டு. நீங்கள் அந்தத் தேதியில் படையில் இருந்தாலே போதும் என்பது ஒரு வகை. அந்தத் தேதியில் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு வகை. 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் உண்டு. 1966 முதல் 1981 வரை இருந்த உங்க அப்பாவுக்கு அதில் கேள்விக்கே இடமில்லை, ஆனாலும் அதுவும் புக்கில் இல்லை. அப்படியென்றால் அந்த ஒன்றிரண்டு வருட ஆர்டர்கள் மொத்தமாகவே ஷீட் ரோலில் ஏறாமல் போயிருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இது உங்களுக்குச் சாதகமான விஷயம். மேற்கு எல்லையில் சண்டையில் இருந்தவர்களுக்கான பஷ்சிமி ஸ்டார் இரண்டாவது வகை. 71 சண்டைக்கான இன்னொரு பதக்கமான சங்கிராம் மெடலுக்கும் எந்தப் பகுதியில் இருந்தார் என்று பார்ப்பார்கள். இவற்றுக்கு அவர் இருந்த யூனிட், கம்பெனி, தேதி மூன்றும் வேண்டும்.

அதனால் ஒருநாள் சாயங்காலம் அப்பாவோடு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து ரயில் ஏறினார், கமாண்டிங் ஆபீசர் யார், பக்கத்தில் யார் இருந்தார்கள், எப்போது லீவில் வந்தார், எல்லாவற்றையும். ஆனால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதும் கடிதத்தில் அந்தக் கதை வேண்டாம், ஒரு பக்கம் போதும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், படையில் சேர்ந்த தேதி, பணி முடிந்து வந்த தேதி, எந்தெந்த யூனிட்டில் எப்போதிலிருந்து எப்போது வரை, எந்தெந்தப் பதக்கம் விட்டுப்போயிருக்கிறது, இவ்வளவுதான். "ஷீட் ரோலில் உள்ள பதக்கப் பதிவின் நகலைத் தரவும், மேற்படி பதக்கங்களுக்கான பார்ட் டூ ஆர்டர் வந்திருந்தால் அதன் நம்பரும் தேதியும் தரவும், வரவில்லை என்றால் தகுதியைப் பரிசீலித்துப் பதிவு செய்யவும்" என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ தெளிவாகக் கேளுங்கள். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), எக்ஸ்-சர்வீஸ்மேன் அடையாள அட்டை மூன்றுக்கும் நகல் வையுங்கள், ஒரிஜினல் புக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தபாலில் அனுப்பாதீர்கள். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், ஈ.எம்.இ. (வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்திராபாத், ஆர்டிலரி (பீரங்கிப் படை) என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) என்றால் ஜபல்பூர். டில்லிக்கும் ஜனாதிபதிக்கும் எழுதிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதெல்லாம் சுற்றிச் சுற்றி ரெக்கார்ட் ஆபீஸுக்கேதான் வந்து சேரும். நேராக அங்கே எழுதி, ஒரு நகலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து அவர்களுடைய கவரிங் லெட்டரோடும் அனுப்பச் சொல்லுங்கள்.

நியாயமான காலம் காத்திருந்தும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அதே ரெக்கார்ட் ஆபீஸின் தகவல் அதிகாரிக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றாலோ சொன்னது சரியில்லை என்றாலோ 30 நாளுக்குள் முதல் அப்பீல். ஆனால் ஒன்று, அந்த மனுவில் "ஏன் தரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன ஆர்டரின் நகல்" என்று கேளுங்கள். கடைசிப் படியாக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது, ஆனால் தேதியும் யூனிட்டும் சரியாக இருந்தால் அதுவரை போகத் தேவைப்படாது என்பது என் அனுபவம்.

கேள்வி: ஐயா, எங்க பெரியப்பா 1963-ல் பட்டாளத்தில் சேர்ந்து 65 சண்டை முடிந்து 1968-ல் பென்ஷன் இல்லாமல் வந்துவிட்டார். இப்போது அவர் இல்லை. ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினோம், "ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்திருக்கிறது. அவ்வளவுதானா? (களக்காடு வாசகர்)

பதில்: அந்தப் பதிலைப் படித்தபோது உங்கள் வீட்டில் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பீர்கள் என்று தெரிகிறது. அவர்கள் சொன்னது பொய் இல்லை. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்று ராணுவ விதியே இருக்கிறது. ஆனால் 'லாங் ரோல்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது, அதை அழிப்பதில்லை. பெயர், நம்பர், சேர்ந்த தேதி, வந்த தேதி எல்லாம் அதில் ஒரு வரியாக இருக்கும். திரும்ப எழுதி, லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும் என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அந்த ஒரு வரி எதற்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். 1965-க்கு ரக்ஷா மெடல் என்று ஒன்று உண்டு. 1965 ஆகஸ்ட் 5 அன்று படையில் இருந்து 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தால் போதும், சண்டை நடந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை. 1963-ல் சேர்ந்தவருக்கு அது தேதியை வைத்தே நிரூபணமாகிறது. முதலில் அதைக் கேளுங்கள். 65 சண்டைக்கான இன்னொரு பதக்கமான சமர் சேவா ஸ்டார் கிடைக்க அவர் சண்டைப் பகுதியில் இருந்தது தெரிய வேண்டும், அதற்கு அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் யூனிட் எழுதியிருக்கும் பக்கம், அந்தக் காலத்து இன்லேண்ட் லெட்டர், குரூப் போட்டோவின் பின்பக்கம், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். பெரியம்மாவின் ட்ரங்குப் பெட்டியைப் பாருங்கள், நம் பக்கத்தில் பெண்கள் ஒரு காகிதத்தையும் எளிதில் தூர எறிய மாட்டார்கள். விண்ணப்பம் பெரியம்மா பெயரில் போகட்டும். அவரும் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழோடு பிள்ளைகள் எழுதலாம்.

கேள்வி: எங்க தாத்தாவுக்குச் சேனா மெடல் வாங்கித் தருவதாக அவருடைய ஆபீசர் சொன்னாராம். அதையும் இப்படிச் சேர்க்க முடியுமா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: முடியாது, தம்பி. வீரப் பதக்கம் வேறு, சேவைப் பதக்கம் வேறு. சேனா மெடல், வீர் சக்ரா போன்றவை அந்த நேரத்திலேயே கமாண்டிங் ஆபீசர் எழுதி, மேலே பல மட்டத்தில் பார்த்து, இந்திய அரசிதழில் வெளியாக வேண்டும். அரசிதழில் பெயர் வந்து ஷீட் ரோலில் ஏறாமல் இருந்தால் திருத்தலாம். பெயரே வரவில்லை என்றால் திருத்த எதுவும் இல்லை. ஆபீசர் சொன்னது உண்மையாகவே இருக்கும், தாத்தா செய்ததும் உண்மையாகவே இருக்கும், ஆனால் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதற்குப் பதில், அவருக்குத் தேதியை வைத்தே வர வேண்டிய சேவைப் பதக்கங்கள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பெயர் இசக்கிமுத்து. ரெக்கார்டில் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் பி.பி.ஓ.வில் இன்னொரு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அவர் இறந்துவிட்டார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து டிஸ்சார்ஜ் புக்கும் மெடல்களும் போய்விட்டன. திரும்பக் கிடைக்குமா ஐயா? (சேரன்மகாதேவி வாசகி)

பதில்: அம்மா, அந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். நீங்கள் குடும்ப பென்ஷன் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டுக்காரரின் பதிவுகள் ரெக்கார்ட் ஆபீஸில் பத்திரமாக இருக்கும், அதனால் பயப்படாதீர்கள்.

இசக்கி, சுடலை, பேச்சி என்று நம் ஊர்ப் பெயர்கள் வடக்கே இருக்கும் கிளார்க்குகள் கையில் எழுத்து மாறாமல் வந்ததே அபூர்வம். ஆனால் பெயர்த் திருத்தத்தையும் பதக்கத்தையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள், இரண்டும் வேறு வேறு மேஜைக்குப் போகும், இரண்டுமே நின்றுவிடும். பதக்கத்துக்கு எழுதும்போது ஷீட் ரோலில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் எழுதுங்கள், ஆர்மி நம்பரை முதல் வரியிலேயே போடுங்கள், ஆளை அடையாளம் காட்டுவது நம்பர்தான். பதக்கத்தின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் மூன்றையும் பொறித்துத்தான் தருவார்கள்.

முதலில் போலீஸ் ஸ்டேஷனில் காணாமல் போனதற்கு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வெள்ளத்தில் வீடு பாதித்ததற்கு அரசு நிவாரணம் வாங்கிய காகிதம் இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். அப்புறம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது அங்கே பெயர் பதிந்திருப்பார், அப்போது டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து எழுதிக்கொண்ட விவரம் அவர்களிடம் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு டூப்ளிகேட் டிஸ்சார்ஜ் புக்குக்கும், அது வந்த பிறகு பதக்கங்களுக்கும் எழுதுங்கள். தொலைந்த பதக்கத்துக்கு மாற்று கேட்டால் பணம் கட்டச் சொல்வார்கள், அதிகம் இருக்காது. கடையில் விற்கிற மாதிரிப் பதக்கத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவது உங்கள் இஷ்டம், ஆனால் அதில் அவர் நம்பர் இருக்காது.

கேள்வி: பதக்கம் ரெக்கார்டில் ஏறினால் பென்ஷன் கூடுமா? ஒருவர் 15 ஆயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். (முக்கூடல் வாசகர்)

பதில்: பென்ஷன் அதிகமாகாது. வீரப் பதக்கங்களுக்குத்தான் மாதத்தொகையும் மாநில அரசின் ரொக்கமும், சேவைப் பதக்கங்களுக்குப் பணம் எதுவும் இல்லை. அப்படியிருக்கும்போது 15 ஆயிரம் எதற்கு? அந்த ஆள் செய்யப்போவதும் இதே ஒரு பக்கக் கடிதம்தான். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை டிஸ்சார்ஜ் புக் நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், அடுத்த தடவை எழுதும்போது அந்த ரசீது நம்பரைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.